கணினி, அறம், பண்பாடு: தொழில்நுட்ப இதழியலுக்கு மாறலாமா?

சோதனைக்காரி

வணக்கம். மென்பொருள் டெஸ்டிங்கில் வேலை பார்க்கிறேன். தொழில்நுட்ப இதழியலுக்கு மாறலாமா என்று கொஞ்ச காலமாகவே ஓர் எண்ணம். புது ஃபோன் வந்தால் கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று எழுதுகிற வேலையைச் சொல்லவில்லை. அதற்கு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

முன்பு இருந்த நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) அடையாளச் சரிபார்ப்புப் படிவம் ஒன்றைச் சோதித்தேன். அதில் குடும்பப் பெயர் கட்டாயம். ஒரே பெயர் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், அல்லது இருக்கிற பெயரையே இரண்டு முறை அடிப்பார்கள். படிவம் பேசாமல் வாங்கிக்கொள்ளும். அப்புறம் அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது பெயர் பொருந்தாது, கணக்கு முடங்கும். பிழை என்று டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டேன். ‘வடிவமைத்தபடியே இயங்குகிறது’ என்று மூடிவிட்டார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான், அதுதான் உறுத்துகிறது. டிக்கெட்டில் எழுத இடமில்லாததை வேறு எங்கே எழுதுவது?

இதழியல் பட்டம் இல்லாமல் நுழைய முடியுமா? நிரல் தெரிந்தவர்களுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா? ‘அறம்’ என்று ஆரம்பித்தாலே ஆசிரியர்கள் கொட்டாவி விடுவார்கள் என்கிறார்களே, நிஜமா?

வெட்டிப்பேச்சு

இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். அவ்வளவுதான்.

பழைய_டெஸ்க்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆமாம், கொட்டாவி விடுவோம். ‘செயற்கை நுண்ணறிவின் அறச் சிக்கல்கள்’ என்ற தலைப்பில் வரும் கட்டுரைகளை நான் இரண்டாவது பத்திக்கு மேல் படிப்பதில்லை. அறம் தலைப்பில் இருந்தால் அநேகமாக உள்ளே சரக்கு இருக்காது. இழையின் தலைப்பை விட்டுவிட்டால், உங்கள் பதிவில் அந்தச் சொல் கடைசி வரியில்தான் வருகிறது, அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

பட்டம் கட்டாயம் இல்லை. நான் ஆள் எடுக்கும்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: ஒரு கணினியின் முடிவு ஒரு மனிதரின் தலையில் எந்த இடத்தில் விழுகிறது என்று தேடிப் போகத் தெரியுமா?

பிரிட்டன் அஞ்சலக வழக்கு தெரியும்தானே. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள். ஃபுஜிட்சுவுடையது. கணக்கில் இல்லாத பற்றாக்குறையை அது காட்டும். கிளை நடத்துபவர்கள் கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். முடியாதவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள்.

இதை முதலில் விரிவாக எழுதியது பெரிய நாளிதழ் எதுவும் இல்லை. 2009 மே மாதம் ‘கம்ப்யூட்டர் வீக்லி’ என்ற துறைசார் இதழ் ஏழு அஞ்சலகக்காரர்களின் கதையை வெளியிட்டது. உதவிக்குக் கூப்பிட்ட கிளைக்காரர்களிடம் அஞ்சலகத் தரப்பில் ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரை ஒரே பக்கத்தில் உட்காரவைத்ததுமே அந்தப் பதில் செத்துவிட்டது. இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கணக்கு மென்பொருளில் பிழை வரும், வந்தால் இப்படித்தான் வரும் என்று நம்புகிற ஒரு மனம் வேண்டும். பொதுச் செய்திப் பிரிவில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. ‘கம்ப்யூட்டர் சொல்கிறது, அப்போ திருடியிருப்பார்’ என்று போய்விடுவார்கள்.

சட்டமே அப்படித்தான் இருந்தது. 1999இல் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, கணினி சரியாக இயங்கியது என்பதுதான் இங்கிலாந்து நீதிமன்றங்களின் தொடக்க அனுமானம். இல்லை என்பவர்தான் காட்ட வேண்டும். கிராமத்தில் தபால்கடை நடத்துபவர் எதை வைத்துக் காட்டுவார்? பதிவுக் கோப்புகள் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில்.

வெட்டிப்பேச்சு

நல்ல உதாரணம்தான் சார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2009இல் எழுதினார்கள், சரி. ஹொரைசனில் கோளாறுகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். ஒட்டுமொத்தத் தண்டனைகளையும் ரத்து செய்யும் சட்டம் வந்தது 2024 மே மாதம். அதுவும் அந்த ஜனவரியில் ஐடிவி தொலைக்காட்சியில் நான்கு பகுதி நாடகம் ஓடி நாடே கொதித்த பிறகு. பதினைந்து வருடம் ஒரு பத்திரிகை எழுதியும் அசையாதது நாலு நாள் நாடகத்தில் அசைந்தது. இதைச் சொல்லியா இளைஞர்களை இந்தத் தொழிலுக்குக் கூப்பிடுகிறீர்கள்?

மெய்யெழுத்து

அந்த நாடகம் ஆகாயத்திலிருந்து விழவில்லையே. அதில் வந்த மனிதர்கள், அவர்களின் வழக்கு, ‘வெளியிலிருந்து யாரும் கிளையின் கணக்கைத் தொட முடியாது’ என்று அஞ்சலக நிறுவனம் பல ஆண்டு சாதித்துவிட்டுப் பிறகு முடியும் என்று ஒப்புக்கொண்ட கதை, எல்லாம் நிருபர்களும் வழக்கறிஞர்களும் பாதிக்கப்பட்டவர்களும் சேர்த்துவைத்த சரக்கு.

ஆனாலும் வெட்டிப்பேச்சு சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கேலியாக எடுக்கக் கூடாது. கணினியை நம்புவது ஒரு பண்பாட்டுப் பழக்கம். ‘மெஷின் பொய் சொல்லாது’ என்று வளர்ந்தவர்களிடம் பிழைப் பட்டியலை நீட்டினால் ஏறாது. தன் சமையலறை மேசையில் ரசீதுகளைப் பரப்பி இரவெல்லாம் கூட்டிக் கூட்டிப் பார்க்கிற ஒரு பெண்ணைக் காட்டினால் ஏறும். தொழில்நுட்ப நிருபர் அந்த மேசை வரைக்கும் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. பெரும்பாலானோர் சர்வர் அறையோடு திரும்பிவிடுகிறார்கள்.

எண்ணும்_எழுத்தும்

தரவு இதழியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நிரல் தெரிந்தவர்களுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு இந்தத் துறையில் எல்லோரும் காட்டுகிற வழக்கு ஒன்று உண்டு. எல்லோரும் காட்டுகிறார்களே தவிர, அதன் சுவாரசியமான பாதியைச் சொல்வதில்லை.

2016 மே. அமெரிக்காவில் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம். நிருபர் ஜூலியா ஆங்வின் குழு. கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் ‘காம்பஸ்’ என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். அதன் சூத்திரம் நிறுவனத்தின் ரகசியம், உள்ளே பார்க்க முடியாது. அதனால் வெளியிலிருந்து போனார்கள். ஃபுளோரிடாவில் புரோவார்ட் மாவட்டத்தில் 2013, 2014இல் கைதானவர்களில் 7,000க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களைப் பொதுத் தகவல் சட்டப்படி வாங்கி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் உண்மையில் மறுபடி பிடிபட்டார்கள் என்று நீதிமன்றப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 விழுக்காட்டினரை அந்த மென்பொருள் ‘அபாயமானவர்’ என்று தவறாகக் குறித்திருந்தது. வெள்ளையரில் அது 23.5 விழுக்காடு.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். தயாரித்த நார்த்பாயிண்ட் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. ‘எங்கள் கருவியில் 7 வாங்கிய கறுப்பினத்தவரும் 7 வாங்கிய வெள்ளையரும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் மறுபடி பிடிபடுகிறார்கள், ஆகவே இது நியாயமானது’ என்றது. அதுவும் உண்மை! இரண்டு தரப்பும் ஒரே தரவிலிருந்து, பிழையில்லாமல், நேரெதிர் முடிவுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் கணித ஆய்வாளர்கள் சிலர் தனித்தனியாக நிறுவிக்காட்டினார்கள்: இரு குழுக்களின் மறுகைது விகிதம் வேறுபட்டிருந்தால், துல்லியமாகவே கணிக்க முடிகிற நிலை இருந்தாலன்றி, இந்த இரண்டு நியாயங்களையும் ஒரே கருவியால் ஒருசேர நிறைவேற்ற முடியாது. எந்த நிரலாளராலும் முடியாது.

எந்த நியாயம் வேண்டும் என்று ஒருவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தத் தேர்வை ஒரு விற்பனை நிறுவனம் யாரிடமும் கேட்காமல் செய்துவிட்டது, நீதிபதிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தார்கள். இதுதான் செய்தி. இதைப் பார்க்க விழுக்காடும் தெரிய வேண்டும், விழுக்காடு எந்த இடத்துக்கு மேல் உதவாது என்றும் தெரிய வேண்டும். இன்னொன்று, ‘மறுபடி பிடிபட்டார்’ என்பது ‘மறுபடி குற்றம் செய்தார்’ என்பதற்குச் சமம் இல்லை. எந்தத் தெருவில் போலீஸ் அதிகம் நிற்கிறதோ அந்தத் தெருவில் அதிகம் பேர் பிடிபடுவார்கள்.

புரோபப்ளிகா தன் தரவையும் நிரலையும் பொதுவில் போட்டது. அதனால்தான் அவ்வளவு பேர் அதை மறுத்தும் ஆதரித்தும் எழுத முடிந்தது. சோதனைக்காரி, நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கம். டெஸ்டர் என்பதால் பாதி ஏற்கெனவே இருக்கும்: பிழையை மற்றவர் திரும்ப வரவழைக்கும்படி எழுதுவது.

சோதனைக்காரி

இது கண்ணைத் திறந்தது, நன்றி. ஒரு சந்தேகம். என் படிவக் கதையை நான் எழுதலாமா? வேலைக்குச் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சட்டப்புள்ளி

வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டாமல் எழுதாதீர்கள். பொதுவாகச் சொன்னால், அங்கே கிடைத்த ஆவணம், திரைப்பிடிப்பு, டிக்கெட் எண் எதையும் தொட வேண்டாம். அங்கே கற்ற சந்தேகத்தை யாரும் பிடுங்க முடியாது. அதே மாதிரிப் படிவங்கள் ஆயிரம் பொதுவெளியில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். முடங்கிய கணக்குக்காரர்கள் வெளியில்தான் இருக்கிறார்கள்.

பொதுவெளியில் இருப்பதைப் பார்த்தாலே சிக்கல் வராது என்றும் நினைக்க வேண்டாம். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலக் கல்வித் துறை இணையதளத்தில் ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் (அங்கே அடையாள எண் மாதிரி) பக்கத்தின் ஹெச்டிஎம்எல் மூலத்திலேயே, அதாவது பக்கத்தை உருவாக்கும் குறியீட்டிலேயே, கிடந்தன. செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் நிருபர் கண்டுபிடித்தார். உலாவியில் ‘மூலத்தைக் காட்டு’ என்று அழுத்தினால் தெரிகிற விஷயம். துறைக்குச் சொல்லி, அவர்கள் பக்கத்தை இறக்கும்வரை காத்திருந்துதான் செய்தி போட்டார்கள். ஆளுநர் மேடையேறி அந்த நிருபரை ‘ஹேக்கர்’ என்றார், வழக்குப் போடுவோம் என்றார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடரப்போவதில்லை என்று சொல்லும்வரை அந்த மனிதர் தலைக்கு மேல் அது தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் செய்தது எல்லாமே வரிசைக்கிரமமாகச் சரி. பார்த்தார், உறுதிப்படுத்திக்கொண்டார், தெரிவித்தார், காத்திருந்தார், எழுதினார். அப்படியும் இந்தப் பாடு. எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள், யாருக்கு எப்போது மின்னஞ்சல் போட்டீர்கள் என்று குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்களைக் காப்பது அதுதான்.

அடுத்தது தகவல் தருபவர்களின் பாதுகாப்பு. வைரஸ் தடுப்பு மென்பொருளால் பேர் பெற்ற ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது, 2012 டிசம்பரில் அவருடன் பயணித்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் பெருமையாக ஒரு படம் போட்டார்கள். ஐஃபோனில் எடுத்தது. படத்துக்குள் இருந்த ஜிபிஎஸ் விவரம் அவர் குவாத்தமாலாவில் எங்கே நிற்கிறார் என்று உலகத்துக்கே காட்டிக்கொடுத்தது. தொழில்நுட்பம் எழுதுகிறவர்கள் செய்யவே கூடாத வேலை. அவராவது பிரபலம், பணக்காரர். உங்களிடம் பேசப்போகிறவர் மாதச் சம்பளத்தில் இருக்கும் ஊழியர். அலுவலகக் கணினியிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டாம் என்று முதல் உரையாடலிலேயே நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெயர் தெரியாமல் ஆவணம் அனுப்ப உதவும் ‘செக்யூர்டிராப்’ மாதிரிக் கருவிகள் இருக்கின்றன, பெரிய செய்தி நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. தனியாக எழுதுபவருக்குக் குறைந்தது சிக்னல் என்ற பாதுகாப்பான செய்திச் செயலியும் படங்களிலிருந்து விவரம் நீக்கும் பழக்கமும்.

வெட்டிப்பேச்சு

எல்லாம் சரி. சம்பளம்? அதைப் பற்றி இதுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வைஸ் என்றதும் ஞாபகம் வருகிறது: 2023 மே மாதம் திவால் மனு. அதன் மதர்போர்டு என்ற தொழில்நுட்பப் பிரிவுதான் நாம் இங்கே பேசுகிற மாதிரிப் புலனாய்வு வேலைகளை வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. வன்பொருள் விமர்சனத்தில் 1997 முதல் பேர் வாங்கிய ஆனந்த்டெக் 2024இல் மூடியது. இன்னொரு பக்கம் இயந்திரமே எழுதுகிறது. நீங்கள் ஆறு மாதம் தரவு பொறுக்கி எழுதுவதும் அது ஆறு நொடியில் எழுதுவதும் தேடுபொறியில் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

பழைய_டெஸ்க்

ஆறு நொடியில் என்ன எழுதியது என்று பார்ப்போமா? சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இயந்திரத்தை வைத்து 77 நிதிக் கட்டுரைகளை வெளியிட்டது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்து மறுபடி சரிபார்த்தபோது 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. ஒன்றில், 10,000 டாலரை 3 விழுக்காடு வட்டியில் போட்டால் முதல் ஆண்டு முடிவில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று எழுதியிருந்தது. சம்பாதிப்பது 300. வாக்கியம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும், அதனால்தான் ஆசிரியர் கண்ணிலும் படவில்லை. இந்தச் செய்தியைத் தோண்டி எடுத்தவர்களும் தொழில்நுட்ப நிருபர்கள்தான் என்பதைக் கவனிக்கவும்.

மதர்போர்டிலிருந்து வந்த நான்கு பேர் 2023 ஆகஸ்டில் 404 மீடியா என்று சொந்தமாக ஆரம்பித்து, சந்தாவை நம்பி நடத்துகிறார்கள். அதனால் எல்லோரும் அப்படிச் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள். காசு விஷயத்தில் வெட்டிப்பேச்சு சொல்வது நிஜம். கணினித் துறைச் சம்பளத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இருக்கிற வேலையில் இருந்துகொண்டே ஆரம்பிக்கலாம். ஆனால் உங்கள் நிறுவனத்தைப் பற்றியும் அதன் போட்டியாளர்களைப் பற்றியும் எழுதாதீர்கள், எழுதும் இடத்தில் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். புலிட்சர் சென்டர் மாதிரி அமைப்புகள் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புக்கூற வைக்கும் செய்திகளுக்கென்றே நிதி நல்கை தருகின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நைட் (Knight) அறிவியல் இதழியல் நல்கை 1983 முதல் இருக்கிறது, அது அனுபவம் உள்ளவர்களுக்கு.

மெய்யெழுத்து

பண்பாடு என்ற பகுதி இந்த இழையில் ஓரமாகவே நிற்கிறது. அது ஏதோ கலை விமர்சனம் என்று நினைக்க வேண்டாம்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரம் உதவித்தொகை வாங்குவோரில் யார் ஏமாற்றுவார் என்று கணிக்க 2017 முதல் 2021 வரை ஒரு கணினி மாதிரியை (மாடல்) பயன்படுத்தியது. லைட்ஹவுஸ் ரிப்போர்ட்ஸ் என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பு அந்த மாதிரியையே கையில் வாங்கி, வயர்டு இதழோடு சேர்ந்து 2023இல் பிரித்துக் காட்டியது. 315 உள்ளீடுகள். அதில் டச்சு மொழி எவ்வளவு தெரியும் என்பதும் ஒன்று. நேரில் பார்த்த பணியாளர் அவருடைய தோற்றத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்பதும் இருந்தது. ஒருவர் எப்படி உடுத்துகிறார், எப்படிப் பேசுகிறார் என்று ஓர் ஊழியரின் மனதில் தோன்றியது எண்ணாகிவிட்டது. எண்ணானதும் அதன் முகம் மாறிவிடுகிறது, ‘தரவு’ என்று மரியாதை வந்துவிடுகிறது. எந்த நாட்டில் எந்த மாதிரிப் பேச்சும் உடையும் சந்தேகத்தைக் கிளப்பும் என்று தெரிந்தவர்தான் அந்த 315ஐப் பார்த்தவுடன் சரியான வரிசையில் விரலை வைப்பார்.

இன்னும் சின்ன அளவில், யாரும் செய்து பார்க்கக்கூடியது. மொழி மாதிரிகள் (கேட்டால் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுகள்) பலவற்றுக்கு டோக்கன், அதாவது சொல்துண்டு, கணக்கில் கட்டணம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். பழைய டோக்கனைசர்கள் (எழுத்தைத் துண்டாக்கும் நிரல்கள்) தமிழ், பர்மியம் போன்ற எழுத்துகளை நொறுக்கிப் பல மடங்கு துண்டாக்கும். ஒரே பத்தியை இரண்டு மொழியிலும் போட்டு எண்ணிப் பாருங்கள். ஒரே கேள்வியைக் கேட்க ஒரு மொழிக்காரர் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது பொறியியல் கேள்வியா, பண்பாட்டுக் கேள்வியா? எனக்கு அது ஒரு கட்டுரை, அவ்வளவுதான்.

எண்ணும்_எழுத்தும்

மெய்யெழுத்தோடு ஒரு சின்னச் சண்டை. ‘தெரிந்தவர் சரியாக விரலை வைப்பார்’ என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். முன்கூட்டியே வில்லனைத் தெரிந்துகொண்டு தரவுக்குள் போனால் வில்லன் கிடைத்துவிடுவான். மற்றதை எல்லாம் அப்படியே வைத்து அந்த ஓர் உள்ளீட்டை மட்டும் மாற்றினால் மதிப்பெண் எவ்வளவு நகர்கிறது என்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேச வேண்டும். லைட்ஹவுஸ்காரர்கள் அதைச் செய்ததால்தான் அந்தச் செய்தி நிற்கிறது.

மெய்யெழுத்து

எந்த உள்ளீட்டை மாற்றிப் பார்ப்பது என்று 315இல் யார் தேர்ந்தெடுப்பார்கள்?

எண்ணும்_எழுத்தும்

சரி, அதற்கு நீங்கள் வேண்டும். ஆனால் கூட நான் இருப்பேன்.

சோதனைக்காரி

வேலையை விடவில்லை, வெட்டிப்பேச்சு நிம்மதியாகத் தூங்கலாம். பொதுவெளியில் இருக்கும் படிவங்களை மட்டும் வைத்து ஒரு சிறிய சோதனைத் திட்டம் எழுத ஆரம்பித்திருக்கிறேன், ஒப்பந்தத்தையும் ஒருவரிடம் காட்டப் போகிறேன். கடைசியாக ஒன்று. முடிவுகள் வந்ததும் சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் வெளியிடுவதற்கு முன்பே காட்ட வேண்டுமா? காட்டினால் அவசரமாகத் திருத்திவிட்டு ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்று விட மாட்டார்களா?

பழைய_டெஸ்க்

கட்டுரையைக் காட்டாதீர்கள், கண்டுபிடித்ததைக் காட்டுங்கள். எந்த நாள், எந்த உலாவி, என்ன உள்ளீடு, என்ன விடை, நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவு என்ன, எல்லாம் ஒரு கடிதத்தில். ‘இதில் எது தவறு?’ என்று நேராகக் கேளுங்கள். சின்ன விஷயத்துக்குச் சில நாள், தரவுப் பகுப்பாய்வுக்கு ஒன்றிரண்டு வாரம். புரோபப்ளிகாவும் நார்த்பாயிண்டின் மறுப்புக் கடிதத்தைக் கட்டுரைக்குள்ளேயே சொல்லித்தான் வெளியிட்டது.

திருத்திவிட்டால் திருத்தட்டும். அதற்கு முன்பே பக்கங்களை இணையக் காப்பகத்தில் சேமித்துவிட்டு, திரைப்பிடிப்புகளை நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைத்த மறுநாள் திருத்தினார்கள் என்பதே உங்கள் மூன்றாவது பத்தி. பதிலில் ஒன்றை மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள்: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா, இல்லை ‘பயனர்களின் நம்பிக்கையே எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு பத்தி வந்திருக்கிறதா? இரண்டாவது வகை என்றால் இன்னொரு முறை கேளுங்கள், எண் போட்டு.

சட்டப்புள்ளி

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம். பாதிக்கப்பட்டவர்களின் பெயரோ கணக்கு விவரமோ அதில் இருக்கக் கூடாது, அவர்கள் எழுத்தில் சம்மதம் தராதவரை.